வட்டியும் இல்லை, வரியும் இல்லை; யாருக்கு இலாபம்?



ஆண்டிறுதி நெருங்கினால் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "எஸ்.எஸ்.பி.என்.னில் 8,000 வெள்ளி போட்டாகிவிட்டதா?" என்பார் ஒருவர். "டிசம்பர் 31க்குள் போட்டால் போதும்" என்பார் இன்னொருவர். ஏப்ரலில் வருமானவரிப் படிவத்தை நிரப்பும்போது அதே பேச்சு மறுபடியும் தலைகாட்டும். அண்மையில் அப்படியொரு பேச்சின் முடிவில், உடன் பணியாற்றும் நண்பர் அடித்துச் சொன்னார்: "வங்கி வட்டிக்கு வரி இல்லை. சேமநிதி இலாப ஈவுக்கு வரி இல்லை. பிள்ளையின் படிப்புக்குச் சேமித்தால் வரிக்கழிவு வேறு. சேமிக்கிறவனுக்கு அரசாங்கம் இதற்குமேல் என்ன சார் செய்ய முடியும்? வட்டி குறைந்தால் குறையட்டுமே!"

இக்கருத்து அவர் ஒருவருடையதாக இருந்தால் அதற்காக ஒரு பதிவு எழுதவேண்டிய தேவையே இல்லை. வங்கி விளம்பரங்கள் இதையே சொல்கின்றன. காப்புறுதி முகவர்கள் இதையே சொல்கிறார்கள். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்படும் வரவு செலவுத் திட்ட உரையிலும் சேமிப்பாளர்களுக்கு ஒரு வரிச்சலுகை அறிவிக்கப்பட்டால் மேசையைத் தட்டி வரவேற்கிறார்கள். நான் இக்கருத்தை மறுக்கிறேன். வட்டி குறைந்த காலத்தில் வரிவிலக்கு சேமிப்பாளனுக்குத் தரும் உதவி மிகச் சொற்பம். அந்தச் சொற்பமும் உதவி தேவைப்படாதவர் கைக்கே பெரும்பாலும் போய்ச் சேருகிறது. இதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஐந்தாம் ஆண்டுக் கணிதம் போதும்.

விழுக்காடு கற்பிக்கும்போது மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எதன் விழுக்காடு?" 20 விழுக்காடு என்று மட்டும் எழுதிவிட்டு விடையென்று காட்டும் பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது. 5,000த்தின் 20 விழுக்காடா, 5இன் 20 விழுக்காடா? பத்து வயதுப் பிள்ளைகள் இதை இரண்டு வாரத்தில் புரிந்துகொள்கிறார்கள். வரிவிலக்கைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. வட்டிக்கு வரி இல்லை என்கிறீர்கள், நன்று. வட்டி எவ்வளவு?

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு தெளிவான சான்று இருக்கிறது. ஒரு காலத்தில் தனிநபர் பெறும் வங்கி வட்டிக்கு 5 விழுக்காடு வரி இருந்தது. சிறு சேமிப்பாளர்களுக்கு அப்போதே பெரும்பாலும் விலக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2008 ஆகஸ்டு இறுதியில் அறிவிக்கப்பட்ட 2009ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அந்த வரி முற்றாக நீக்கப்பட்டது. சேமிப்பை ஊக்குவிக்கும் நடவடிக்கை என்று பாராட்டப்பட்டது.

அடுத்து நடந்தது என்ன? உலக நிதி நெருக்கடி வந்தது. வங்கி வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான ஓ.பி.ஆர். எனும் கொள்கை வட்டி விகிதம் அப்போது 3.50 விழுக்காடாக இருந்தது. பேங்க் நெகாரா அதனை 2008 நவம்பரில் 3.25 ஆக்கியது, 2009 சனவரியில் 2.50; பிப்ரவரியில் 2.00. வரியை நீக்கி ஆறே மாதங்களில் வட்டி விகிதத்தில் ஒன்றரை விழுக்காட்டுப் புள்ளி போய்விட்டது.

இப்போது கணக்குப் போடுவோம். வைப்புத்தொகை வட்டியும் ஓ.பி.ஆரும் ஒன்றல்ல என்றாலும் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவன, எளிமைக்காக ஓ.பி.ஆரையே அளவுகோலாகக் கொள்கிறேன். 10,000 வெள்ளிக்கு 3.50 விழுக்காட்டில் ஆண்டு வட்டி 350 வெள்ளி. அதற்கு முழுமையாக 5 விழுக்காடு வரி கட்டியவர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு வரியாகப் போனது 17 வெள்ளி 50 காசு. அதை அரசு விட்டுக்கொடுத்தது. பிறகு வட்டி 2 விழுக்காடாக இறங்கியதும் அவருக்குக் கிடைத்தது 200 வெள்ளி. வலக்கையில் 17 வெள்ளி 50 காசு வந்தது; இடக்கையிலிருந்து 150 வெள்ளி போனது. அதோடு முடியவில்லை. வட்டி 200 வெள்ளியாகச் சுருங்கியபின் அதற்குரிய 5 விழுக்காட்டு வரி வெறும் 10 வெள்ளிதான். ஆக, விலக்கின் மதிப்பும் 17.50இலிருந்து 10 வெள்ளியாகத் தேய்ந்துவிட்டது. மழையில்லாத ஊரில் குடைக்கு வரிவிலக்கு கொடுத்த கதை இது.

2020இல் இதே நாடகம் இன்னொரு முறை அரங்கேறியது. கோவிட் பெருந்தொற்றின்போது ஓ.பி.ஆர். படிப்படியாக இறங்கி, அவ்வாண்டு சூலையில் 1.75 விழுக்காட்டைத் தொட்டது. வரலாற்றிலேயே மிகக் குறைந்த அளவு. அதே 10,000 வெள்ளிக்கு 175 வெள்ளி. பழைய 5 விழுக்காட்டு வரி இருந்திருந்தால் 8 வெள்ளி 75 காசு. நண்பர் பெருமையோடு சொன்ன வட்டி வரிவிலக்கின் மதிப்பு, பிரிக்பீல்ட்சில் ஒரு வேளை வாழையிலைச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாது.

நடுநிலைக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். வட்டியைக் குறைத்தது தவறென்று நான் வாதிடவில்லை. 2020இல் வேலையிழந்து வீட்டுக்கடனோடு தவித்தவர்களுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது. 2009இல் பணவீக்கமும் 0.6 விழுக்காட்டுக்குத் தாழ்ந்திருந்ததால் சேமிப்பாளனின் இழப்பு ஓரளவு ஈடாயிற்று. ஆனால் எப்போதும் அப்படி அமைவதில்லை. 2022இல் ஓ.பி.ஆர். 1.75இல் தொடங்கி 2.75இல் முடிந்தது, அவ்வாண்டின் சராசரிப் பணவீக்கம் 3.3 விழுக்காடு. அஃதாவது வங்கியில் கிடந்த பணம், வரி ஒரு காசும் கட்டாமலேயே, வாங்கும் ஆற்றலை இழந்தது. வரியில்லா இழப்பு! அதற்கும் நன்றி சொல்லவேண்டுமா?

கடல் கடந்து பார்த்தாலும் இதே கதைதான். நம்மவர்களுக்கு ஐ.எஸ்.ஏ. என்றதும் 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்தான் நினைவுக்கு வரும். நல்லவேளையாக அது 2012இல் நீங்கியது. பிரிட்டனில் அதே மூன்றெழுத்து, 1999இல் தொடங்கப்பட்ட வரியில்லாச் சேமிப்புக் கணக்கின் பெயர். 2017 முதல் அதில் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை போடலாம் என்று வரம்பை உயர்த்தினார்கள். ஆனால் பிரிட்டன் மத்திய வங்கியின் வட்டி 2009 மார்ச்சிலேயே 0.5 விழுக்காட்டுக்கு வந்துவிட்டிருந்தது. 2020 மார்ச்சில் 0.1 ஆயிற்று. போதாக்குறைக்கு, 2016 ஏப்ரல் முதல் அடிப்படை வரி விகிதத்தில் உள்ளவர்கள் எந்தக் கணக்கிலும் பெறும் முதல் 1,000 பவுண்டு வட்டிக்கு வரி இல்லை என்று இன்னொரு சலுகையும் தந்தார்கள். ஒரு விழுக்காட்டு வட்டியில் 1,000 பவுண்டு வட்டி பெற 1,00,000 பவுண்டு வேண்டும். அவ்வளவு பணம் யாரிடம் இருக்கிறது? பாத்திரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஊற்றுவதற்கு நீர் இல்லை.

சரி, நம்மூருக்குத் திரும்புவோம். வட்டிக்கு வரிவிலக்கு என்பது ஒரு வகை. சேமித்த தொகையையே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் வரிக்கழிவு இன்னொரு வகை. வட்டி குறைந்த காலத்தில் இந்த இரண்டாம் வகையைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். "வட்டி வராவிட்டால் என்ன, வரியில் மிச்சமாகிறதே!" என்பது வாதம். தேசியக் கல்விச் சேமிப்புத் திட்டமான எஸ்.எஸ்.பி.என்., பி.டி.பி.டி.என். நிறுவனத்தால் 2004 முதல் நடத்தப்படுகிறது. பெற்றோர் ஓர் ஆண்டில் போட்ட தொகையிலிருந்து அதே ஆண்டில் எடுத்த தொகையைக் கழித்து, மீதியில் 8,000 வெள்ளி வரை வரிக்கழிவு பெறலாம். இச்சலுகை 2027ஆம் ஆண்டு வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. தனியார் ஓய்வூதியத் திட்டத்திற்கும் 3,000 வெள்ளிக் கழிவு உண்டு.

அந்த 8,000 வெள்ளியால் யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்க, நான் நாள்தோறும் கடந்துபோகும் பங்சாரைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. ஒரு காலத்தில் இரப்பர் தோட்டமாக இருந்த மண் இது. பிறகு இரயில்வே ஊழியர்களும் மின்நிலையத் தொழிலாளர்களும் வாழ்ந்த இடம். இன்று குன்றின்மேல் புக்கிட் பண்டாராயா மாளிகைகள்; சற்றுத் தொலைவில் பந்தாய் டாலாம் அடுக்குமாடிகள். எங்கள் பகுதித் தமிழ்ப்பள்ளிகளின் பிள்ளைகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

2023ஆம் ஆண்டுக்கான வரி விகிதங்களின்படி, வரிக்குரிய வருமானம் 1,00,000 வெள்ளியைத் தாண்டும் பகுதிக்கு வரி 25 விழுக்காடு. குன்றின்மேல் வாழும் அத்தகைய ஒருவர் பிள்ளையின் பெயரில் 8,000 வெள்ளி போட்டால் அவருக்கு மிச்சமாகும் வரி 2,000 வெள்ளி. கழிவுகள் போக 50,000த்துக்கும் 70,000த்துக்கும் இடையில் வரும் என்போன்ற ஆசிரியருக்கு அப்பகுதி வருமானத்தின் வரி 11 விழுக்காடு; மிச்சம் 880 வெள்ளி. 35,000த்துக்கும் 50,000த்துக்கும் இடைப்பட்டவருக்கு 6 விழுக்காடு, 480 வெள்ளி. அதற்கும் கீழே? தனிநபர் கழிவு 9,000, சேமநிதிக் கழிவு 4,000, பிறகு 400 வெள்ளி வரித்தள்ளுபடி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மாதம் ஏறத்தாழ 3,400 வெள்ளி ஈட்டும் ஒருவர் வருமானவரியே கட்டத் தேவையில்லை. பிள்ளைகளுக்கான கழிவையும் சேர்த்தால் இந்த எல்லை இன்னும் உயரும். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமோ 2025 முதல் 1,700 வெள்ளி. கட்டாத வரியிலிருந்து எதைக் கழிப்பது?

ஒரே திட்டம். ஒரே 8,000 வெள்ளி. ஒருவருக்கு அரசு 2,000 வெள்ளி தருகிறது, இன்னொருவருக்குச் சுழியம். 1,700 வெள்ளி வாங்குகிறவரால் ஆண்டுக்கு 8,000 வெள்ளி சேமிக்கவும் முடியாது என்பது வேறு விடயம். அது ஏறத்தாழ அவருடைய ஐந்து மாதச் சம்பளம்.

பள்ளி வாசலில் ஒரு தாய் என்னிடம் கேட்டார். பிரிக்பீல்ட்சில் பூச்சரம் தொடுத்து விற்பவர். "சார், பிள்ளைக்கு அந்த எஸ்.எஸ்.பி.என். கணக்குத் திறக்கச் சொல்றாங்க. மாசம் 50 வெள்ளி போட்டா வரி மிச்சமாகுமாம். எனக்கு எவ்வளவு சார் மிச்சமாகும்?" நான் உண்மையைச் சொன்னேன்: "உங்களுக்கு வரியே இல்லை அம்மா. அதனால் மிச்சமும் இல்லை. ஆனால் பின்னாளில் பி.டி.பி.டி.என். கல்விக்கடன் கேட்க அந்தக் கணக்கு உதவும்." அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப கடன் வாங்கத்தான் சேமிக்கணுமா சார்?" என்றார். எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்காத கூர்மையான திறனாய்வு அது.

இப்போது இன்னொரு கேள்வி. 880 வெள்ளி பெறும் என்போன்றவர்களாவது அந்தச் சலுகையால் கூடுதலாகச் சேமிக்கிறோமா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள், ஆசிரியப் பெருமக்களே! வங்கியின் நிரந்தர வைப்புத்தொகையில் இருந்த பணத்தை எடுத்து எஸ்.எஸ்.பி.என்.னில் போடுகிறோம். டிசம்பர் கடைசியில் போட்டுவிட்டுச் சனவரியிலேயே எடுப்பவர்களும் உண்டு. (அதே ஆண்டில் எடுத்த தொகையைக் கழிப்பார்கள் என்பதால் இந்தச் சூழ்ச்சி ஆண்டுதோறும் பலிக்காது என்று தெரியாமல் திகைத்தவர்களும் உண்டு.) பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறுகிறது, சேமிப்பு ஒரு வெள்ளிகூடக் கூடுவதில்லை. பை மாற்றியதற்காக அரசு கருவூலத்திலிருந்து பணம் தருகிறது. அந்தக் கருவூலத்திற்கு விற்பனை வரி, சேவை வரி வழியாகப் பூக்கார அம்மாவும் பணம் கட்டுகிறார் என்பதை மறவாதீர்.

"வரிச்சலுகை இல்லாவிட்டால் மக்கள் சேமிக்கவே மாட்டார்கள்" என்பது அடுத்த வாதம். இதை ஒரு மலேசியத் தமிழன் சொல்லும்போது எனக்கு வியப்பு மேலிடுகிறது. நம் சொந்த வரலாறே இதை மறுக்கிறதே! 1950களின் இறுதியில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தெருவுக்கு வந்தார்கள். அந்தத் தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டுகிறவர்களிடம் மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நூறு வெள்ளியில் ஒரு பங்கு உங்களுடையது என்று கேட்டார். போட்டார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அந்தப் பத்து வெள்ளியைப் போட்டவர்கள் எந்த வரிக்கழிவை எண்ணிப் போட்டார்கள்? வருமானவரிப் படிவத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்களா? தங்கள் காலடி மண் தங்களுடையதாகும் என்பதற்காகப் போட்டார்கள்.

கூட்டு பிடிப்பதும் அப்படித்தான். நம் பாட்டிமார்கள் முதல் இன்றைய தொழிற்சாலைப் பெண்கள் வரை கூட்டு பிடிக்காதவர் குறைவு. 1971இல் அதைத் தடைசெய்து இயற்றிய சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே "கூட்டு" என்னும் நம் தமிழ்ச்சொல் உட்கார்ந்திருக்கிறது! சட்டத்திற்குப் புறம்பானது, ஏமாந்தவர்களின் கண்ணீரும் நிறைய, ஆகவே அதை நான் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் வட்டியோ வரிச்சலுகையோ இல்லாத ஒன்றில் ஏழைகள் ஏன் மாதந்தவறாமல் பணம் போடுகிறார்கள் என்று சலுகைத் திட்டம் தீட்டுபவர்கள் ஒரு நாளாவது எண்ணிப் பார்த்ததுண்டா? குறிப்பிட்ட நாளில் கைக்கு மொத்தமாக ஒரு தொகை வரும் என்ற உறுதி. அதுதான் காரணம். சேமிப்பவனுக்கு வேண்டியது உறுதி. வரி நுணுக்கம் அல்ல.

அந்த உறுதியை ஓரளவு தருவது ஊழியர் சேமநிதி வாரியம். வங்கி வட்டி தரைதட்டிய 2020இல்கூட அது 5.20 விழுக்காடு இலாப ஈவு தந்தது, 2021இல் 6.10, 2024இல் 6.30. இந்த ஈவுக்கு வரி இல்லை என்பது உண்மையே. ஆனால் சேமிப்பாளனைக் காப்பாற்றியது வரிவிலக்கா, 5.20 விழுக்காடா? வாரியத்தின் வழக்கமான கணக்குக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கீழே விழாமல் தாங்கும் தரை அது. வங்கிச் சேமிப்புக்கு அப்படியொரு தரை இல்லை.

சேமநிதியிலும் ஒரு குறை உண்டு. ஈவும் விழுக்காடுதான், எதன் விழுக்காடு என்ற என் பழைய கேள்வி இங்கேயும் நிற்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்றும், 2022இல் சிறப்பு மீட்பு என்றும் ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி சேமநிதியிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன். பிள்ளைக்குப் பால்மாவு வாங்க எடுத்தார்கள். கணக்கில் 1,000 வெள்ளி மட்டுமே எஞ்சியவருக்கு 6.30 விழுக்காடு என்றால் 63 வெள்ளி. வரியில்லாத 63 வெள்ளி.

இதற்கு நேர்மாறாக இன்னொரு காட்சி. நம் நாட்டில் வட்டி வரிவிலக்குக்கு உச்சவரம்பே இல்லை. பிரிட்டனிலாவது 1,000 பவுண்டு என்று ஒரு கோடு கிழித்தார்கள். இங்கே வங்கியில் 10 இலட்சம் வெள்ளி வைத்திருப்பவருக்கு 3 விழுக்காட்டில் 30,000 வெள்ளி வட்டி வந்தால் அதில் ஒரு காசும் வரி இல்லை. மாலை நேரத்தில் தொண்டை வறளப் பாடம் சொல்லிக் கொடுத்து அதே 30,000 வெள்ளியைக் கூடுதலாக ஈட்டும் ஆசிரியர் வரி கட்டவேண்டும். சும்மா இருந்த பணம் ஈட்டினால் விலக்கு. மனிதன் உழைத்து ஈட்டினால் வரி. இதைச் "சேமிப்பாளருக்கு உதவி" என்று அழைப்பது தமிழுக்கே இழுக்கு.

அப்படியானால் என்னதான் செய்யவேண்டும் என்று கேட்பீர்கள். விடை அரசின் கையிலேயே இருக்கிறது. ஆனால் மூலையில் கிடக்கிறது. ஐ-சாரான் என்று சேமநிதி வாரியத்தில் ஒரு திட்டம் உண்டு. முதலாளி இல்லாமல் சொந்தத் தொழில் செய்வோர் தாமாகவே பணம் போட்டால் அரசும் தன் பங்காக ஒரு தொகை போடும். 2025 முதல் அது போட்ட தொகையில் 20 விழுக்காடு. ஆண்டுக்கு மிகுதியாக 500 வெள்ளி. வாழ்நாளில் 5,000 வெள்ளி. பூக்கார அம்மா மாதம் 50 வெள்ளி வீதம் ஆண்டுக்கு 600 வெள்ளி போட்டால் அரசு 120 வெள்ளி சேர்க்கும். அதன்பின் ஆண்டு ஈவு. வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அந்த 120 மாறாது. வரி கட்டுகிறாரா இல்லையா என்ற கேள்வியே எழாது. 2024 மே மாதம் முதல் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டு, புதிதாகப் போடும் பணத்தில் பத்து விழுக்காட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது. "அவசரத்துக்கு எடுக்க முடியாதே" என்ற அச்சம் முழுமையாக இல்லாவிடினும் சற்றே தணியும்.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அவருக்கு வரிக்கழிவு பற்றிச் சொல்ல ஆள் இருந்தது. ஐ-சாரான் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. எஸ்.எஸ்.பி.என்.னுக்கு வானளாவிய விளம்பரப் பலகைகள். இதற்கு வாரிய அலுவலகத்தில் ஒரு துண்டறிக்கை.

என் கோரிக்கை இதுதான். எஸ்.எஸ்.பி.என். வரிக்கழிவு 2027இல் முடிகிறது. அதை அப்படியே இன்னும் சில ஆண்டுகளுக்கு நீட்டித்துவிட்டுக் கைதட்டல் வாங்குவதை விடுத்து, அந்தச் செலவை ஐ-சாரான் போன்ற நேரடிப் பங்களிப்பாக மாற்றுங்கள். குன்றின்மேல் உள்ளவருக்கு விட்டுக்கொடுக்கும் 2,000 வெள்ளியில், ஆண்டுக்கு 600 வெள்ளி சேமிக்கும் தாய்மார்கள் பதினாறு பேருக்குத் தலா 120 வெள்ளி சேர்க்கலாம். 80 வெள்ளி மீதமும் இருக்கும். முதலாளியிடம் குறைந்த சம்பளத்திற்கு வேலை செய்வோருக்கும், பிள்ளைகளின் கல்விச் சேமிப்புக்கும் இம்முறையை விரிவாக்குங்கள். வட்டி வரிவிலக்குக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். சிறு சேமிப்பாளர் எவரையும் அது தொடாத அளவுக்கு உயரமாகவே வையுங்கள், ஆனால் வையுங்கள்.

இதனால் எனக்கு ஆண்டுக்கு 880 வெள்ளி போகும் என்று நண்பர் நினைவூட்டினார். தெரியும். கணக்கு எனக்கும் வரும்.

ஓ.பி.ஆர். 2023 மே மாதம் 3.00 விழுக்காட்டுக்கு ஏறி, 2025 சூலையில் மறுபடி 2.75க்கு இறங்கியது. அடுத்த முறை ஏறுமா இறங்குமா என்று சோதிடம் சொல்ல நான் வரவில்லை. வரவு செலவுத் திட்டத்திற்கு முன்பு ஆசிரியர் சங்கங்களும் நம் பொது இயக்கங்களும் நிதியமைச்சுக்குக் கோரிக்கை மனு அனுப்புவது வழக்கம். "எஸ்.எஸ்.பி.என். கழிவை 10,000 ஆக உயர்த்துக" என்ற வரியை அந்த மனுவில் யாராவது எழுதப்போனால், அதன் கீழே பூக்கார அம்மாவின் கணக்கையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். ஐ-சாரான் பதிவுக்கு அடையாள அட்டையோடு சேமநிதி வாரியக் கிளைக்குப் போனால் போதும். உங்கள் பள்ளிப் பெற்றோரில் யாருக்கேனும் படிவம் புரியாவிட்டால், எழுதிக் கொடுக்க ஆசிரியர்கள் நாம் இருக்கிறோம்.